கடலோர வீட்டுக்கு நிலை, பீடிங், ஸ்கர்ட்டிங்: ஓதத்துக்கு எது தாங்கும்?

உச்சிப்புளி வீடு:

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குக் கிழக்கே, மண்டபம் போகிற வழியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். வடகடல் எங்கள் மனைக்குக் கூப்பிடு தூரம். 1,100 சதுர அடி, கீழ்த்தளம் மட்டும். பூச்சு வேலை ஆவணிக் கடைசியில் முடிந்தது. தரைக்கு இன்னும் டைல்ஸ் ஒட்டவில்லை. வாசல் நிலையை நல்ல நாள் பார்த்துத் தேக்கில் வைத்தாகிவிட்டது. உள் அறை மூன்றுக்கும் குளியலறை இரண்டுக்கும் இடம் மட்டும் விட்டிருக்கிறோம்.

இனிமேல் வருவதெல்லாம் ஓர வேலைதான். உள் நிலைகள், நிலையைச் சுற்றி பீடிங் என்கிற ஒல்லிச் சட்டம், சுவர் அடியில் ஸ்கர்ட்டிங் பட்டை, ஹால் மேலே சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கார்னிஸ். இராமநாதபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) என்றார், அடுத்தவர் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) என்றார், மூன்றாமவர் "தேக்குப் போடுங்கம்மா, பேரன் காலம் வரை நிற்கும்" என்றார். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். போனில் படம் அனுப்பினால் எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது அவருக்கு.

நான் பயப்படக் காரணம் இருக்கிறது. இதற்கு முன் மண்டபத்தில் புது வீடு ஒன்றில் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டில் கதவைச் சுற்றியும் சுவர் அடியிலும் எம்டிஎஃப்பில் வெள்ளையாக, பார்க்க அவ்வளவு அழகாக பீடிங் போட்டிருந்தார்கள். முதல் ஐப்பசி மழைக்குக் குளியலறைப் பக்கத்து பீடிங் அடியில் லேசாகப் புடைத்தது. மார்கழியில் பெயிண்ட் வெடித்தது. நான் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். பொட்டுக்கடலை மாவு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. மேலே ஒரு முழம் தாண்டினால் கல் மாதிரி இருக்கிறது, அடியில் மட்டும் மாவு. அடுத்த வருஷம் அதன் பின்னாலேயே கரையான் புற்று ஏறியிருந்தது.

சொந்த வீட்டில் அது நடக்கக்கூடாது. செவ்வாய், வெள்ளி வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிற பழக்கம் எங்களுக்கு. அதை விடவும் மாட்டேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பரமக்குடிக்காரன்:

அக்கா, யோசிக்காம டபிள்யூபிசி போடுங்க. நாலு வருஷம் முன்னாடி எங்க வீட்டுல நிலை, பீடிங் எல்லாம் அதுதான். வீங்கல, கரையான் வரல, வருஷா வருஷம் பெயிண்டும் அடிக்க வேண்டியதில்ல.


மண்டபம் ஆசாரி:

தங்கச்சி, நான் மண்டபத்துல 31 வருஷமா மரவேலை பாக்குறேன். அப்பா ஓடாவி. வத்தை, வள்ளம்னு படகு கட்டினவர். நான் கரையேறி வீட்டு வேலைக்கு வந்துட்டேன். பரமக்குடித் தம்பி சொன்னதுல தப்பில்ல, ஆனா பரமக்குடிக் காத்து வேற, நம்ம காத்து வேற. அங்க மழை நின்னா சுவர் காஞ்சிரும். இங்க மழை நின்னாலும் வாடைக் காத்து நிக்காது.

எந்தப் பொருள்னு கேக்குறதுக்கு முன்னாடி தண்ணி எந்த வழியா உள்ள போகுதுன்னு பாருங்க. நீங்களே பாதி கண்டுபிடிச்சுட்டீங்க. அடியில மாவு, ஒரு முழத்துக்கு மேல கல் மாதிரி. ஒரே பலகை, ஒரே கடைச் சரக்கு. அப்ப மேல இருந்தது ஏன் கெடல? பீடிங்கோட முகத்துல பெயிண்ட் இருக்கு. முதுகுல இல்ல. அடியில அறுத்த முனையில சுத்தமா இல்ல. நீங்க வாளித் தண்ணி ஊத்திக் கழுவுறப்ப அந்த முனைதான் நின்னு குடிக்குது.

எங்க அப்பா பலகையை அறுத்த கையோட கீழ வைக்க விட மாட்டார். பக்கத்துல ஒரு சிரட்டையில மீன் எண்ணெய் இருக்கும், துணி சுத்தின குச்சி ஒண்ணு இருக்கும். அறுத்த முகத்துல அதைத் தொட்டுத் தொட்டு வைப்பார். மரம் உறிஞ்சிரும். மறுபடி வைப்பார். உறிஞ்சுறது நின்ன பிறகுதான் அடுத்த பலகை. "தலையை அடைச்சாத்தான்டா மரம் நிக்கும்"னு சொல்லுவார். அறுத்த முகத்தைக் கிட்ட வச்சுப் பாருங்க, பொடிப் பொடியா துளை தெரியும். மரம் உசுரோட இருக்கும்போது வேர்த் தண்ணியை மேல ஏத்தின குழாய் அது. வெட்டிப் போட்ட பிறகும் அது குடிக்கிறத விடாது. மீன் எண்ணெய் நாத்தம் வீட்டுக்கு ஆகாது, நீங்க எபாக்சி பிரைமர்னு தண்ணி புகாத பிசின் பூச்சு வரும், அதை அடிங்க. ஆனா அடிக்க வேண்டிய இடம் அதேதான். அறுத்த முனை, முதுகு, ஆணித் துளை.

இப்ப ஒவ்வொண்ணா சொல்றேன்.

சுவர் அடியில மரமோ மரம் மாதிரியோ எதுவும் வேண்டாம். நான் மரவேலைக்காரன், எனக்கு அதுல கூலி போகும், இருந்தாலும் சொல்றேன். கழுவுற வீட்டுக்கு ஸ்கர்ட்டிங் கல்லுதான். கிரானைட் நாலு இஞ்ச் போடுங்க, இல்ல தரைக்குப் போடுற டைல்ஸையே அறுத்து ஒட்டுங்க. பூச்சோட சமமா உள்ள இறக்கி ஒட்டச் சொல்லுங்க. அப்பத்தான் மேல விளிம்புல தூசியும் உப்பும் தங்காது.

குளியலறை நிலைக்கு கிரானைட். நம்ம பக்கம் இப்ப எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க. போகட்டும், நல்லதுதான். சிலர் சிமெண்ட் நிலை சொல்லுவாங்க. உள்ள கம்பி இருக்கு, உப்புக் காத்துல அந்தக் கம்பி துருப்பிடிச்சுப் பருத்து நிலையையே பிளக்கும். வேண்டாம்.

அறை நிலைக்குத் தேக்கு நல்லதுதான், ஆனா சேகு மட்டும், அதாவது மரத்தோட நடுவுல இருக்கிற கெட்டியான வைரப் பகுதி. கடையில "தேக்கு"ன்னு சொல்லி ஓரத்துல வெள்ளை உள்ள சட்டத்தைத் தள்ளிவிடுவாங்க. தேக்கு மரமே ஆனாலும் அந்த வெள்ளைப் பகுதியைக் கரையானும் தின்னும், பூஞ்சையும் பிடிக்கும். தேக்குல எண்ணெய்ச் சத்து சேகுலதான் இருக்கு. கணக்கு தெரிஞ்சுட்டுப் போங்க: அஞ்சுக்கு மூணு சட்டம், ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், கீழ்ப்படி இல்லாம ஒரு நிலைக்கு 1.82 கன அடி வரும். அதுக்கு மேல யாராவது பில் போட்டா கழிவு எவ்வளவு சேத்திருக்காங்கன்னு கேளுங்க. தேக்கு கட்டுப்படி ஆகலன்னா வேங்கை. வேம்பு கசப்புனால பூச்சிக்குத் தாங்கும், ஆனா சரியா காயாத வேம்பு முறுக்கிக்கும், கதவு சாத்தாது. ஒரு வருஷமாவது நிழல்ல காஞ்ச கட்டை கிடைச்சா மட்டும் எடுங்க.

பீடிங்குக்குத் தேக்கு சேகு, இல்லன்னா டபிள்யூபிசி. ரெண்டும் சரி. எம்டிஎஃப் நம்ம கரைக்கு ஆகாது. ஹெச்எம்ஆர்னு பச்சையா ஒண்ணு வரும், அது எம்டிஎஃப்பை விட நல்லா தாங்கும், ஆனா அதுக்கு ஈரம் தாங்கும்னுதான் பேரு, தண்ணி தாங்கும்னு பேரு இல்ல. உயரத்துல வைக்கிற அலமாரிக்குப் போடலாம். தரைக்கிட்ட வேண்டாம்.

கடைசியா ஆணி. இதுல நான் பட்டிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல தங்கச்சிமடத்துல ஒரு வீடு. முதல் தரத் தேக்கு, அறுத்த முனையெல்லாம் அப்பா சொன்ன மாதிரி அடைச்சேன். ஸ்க்ரூ மட்டும் கடையில இருந்த வெள்ளை முலாம் ஸ்க்ரூ. மூணாம் வருஷம் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டுவிட்டாங்க. பீடிங் ஒவ்வொண்ணுலயும் ஸ்க்ரூத் தலைக்குக் கீழ கருப்பா கண்ணீர் வடிஞ்ச மாதிரி கோடு. தொட்டா தலை கழண்டு கையில வந்துருச்சு. மரம் அப்படியே இருக்கு, பிடிச்ச ஆணி போயிருச்சு. அந்த வீட்டு பீடிங் முழுக்க என் கைக்காசுல கழட்டி மாட்டினேன். அதுல இருந்து கடலுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எந்த வீட்டுக்கும் 316 ஸ்டெயின்லெஸ், உப்புக்குத் தாங்குற ரகம், அது இல்லாம வேலை எடுக்குறதில்ல. கீலுக்குப் பித்தளை, இல்ல 316.

உங்க வாசல் நிலையை உடனே போய்ப் பாருங்க. டைல்ஸ் ஒட்டலன்னு சொன்னீங்க, அது நல்ல காலம். நிலைக்கால் அடி கீழ்ப்படியில சேர்ற இடம், நிலையைச் சுவரோட பிடிக்க உள்ள போற ஹோல்ட்பாஸ்ட் இரும்பு, ரெண்டையும் படம் எடுத்துப் போடுங்க.


கீழக்கரை லாத்தா:

ஆசாரி சொன்னது எல்லாம் உண்மை. நான் டபிள்யூபிசி போட்டவள் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பழைய வீடு மூத்தம்மா காலத்து வீடு. கடல் கல்லும் சுண்ணாம்பும், பர்மாத் தேக்கு நிலை. அந்த நிலைக்கு இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலேயே நாங்கள் ஆறு வருஷம் முன்னால் கட்டிய புது வீட்டில் இரண்டு குளியலறைக்கும் டபிள்யூபிசி நிலை, மற்ற அறைகளுக்கு டபிள்யூபிசி பீடிங். குளியலறை நிலை வைத்த அன்று போல இருக்கிறது. தண்ணீரில் நின்றால்கூட ஒன்றும் ஆகாது, அதை நம்பிப் போடலாம்.

ஆனால் மேற்குப் பார்த்த ஜன்னலைச் சுற்றிப் போட்டது வில் மாதிரி வளைந்துவிட்டது. சித்திரை வெயில் பிற்பகலில் நேராக அதன் மேல் விழும். பொருத்தியவர் இரண்டு முனையையும் சுவரோடு இறுக்கி, இடைவெளியே விடாமல் வைத்திருந்தார். நீள இடமில்லாததால் நடுவில் புடைத்துக்கொண்டு வந்தது. வெள்ளை நிறம் மஞ்சளாகவும் போனது. வெயில் படாத இடத்தில் அதே பீடிங் நேராகத்தான் நிற்கிறது.

இன்னொன்று, துளை போடாமல் நேரே ஸ்க்ரூ ஏற்றினால் ஓரம் பிளக்கிறது. ஒரு தடவை கழற்றி மறுபடி மாட்டினால் பிடிப்பும் இருப்பதில்லை. கடையில் வாங்கும்போது துண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே தடிமனில் ஒன்று கனமாக இருக்கும், ஒன்று தக்கை மாதிரி இருக்கும். தக்கை நிலைக்கு ஆகாது, பீடிங்குக்கு ஆகும்.

யூபிவிசி ஜன்னல் வைப்பதாக இருந்தால் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். கொண்டி, கீல், உள்ளே வலுவுக்குச் செருகும் இரும்பு எதில் செய்தது என்று கேளுங்கள். எங்களுக்குக் கெட்டது அதுதான்.


தள இன்ஜினியர், ராம்நாடு:

ஆசாரி அவர்கள் மரத்தின் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் சுவரின் பக்கத்தைச் சொல்கிறேன். நல்ல பீடிங்கைக் கெட்ட சுவரில் அடித்தால் இரண்டு வருஷத்தில் பீடிங்கைத்தான் குறை சொல்வோம்.

மார்கழியில் அடுப்படி உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் உப்பும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும். உங்கள் சுவருக்குள் உப்பு இருந்தால் அதுவும் அந்த ஜாடிதான். மழையே பெய்யாவிட்டாலும் வாடைக் காலத்தில் ராத்திரியெல்லாம் வேர்த்து நிற்கும். பகலில் காயும்போது அந்த உப்பு பூச்சுக்கு வெளியே வெள்ளையாகப் பூக்கும், பெயிண்டைத் தள்ளும். பீடிங்கின் முதுகு முழுவதும் அந்தச் சுவரோடுதான் ஒட்டிக் கிடக்கிறது.

சுவருக்குள் உப்பு வருவது இரண்டு வழியில். ஒன்று, கலவைத் தண்ணீர். நம் பகுதியில் போர்த் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை. பூச்சுக்கு அவ்வளவு உப்பு போகலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், குறைவாக இருக்க இருக்க நல்லது. இரண்டு, அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். தரை மட்டத்தில் ஓதத் தடுப்புப் பட்டை போட்டிருக்கிறார்களா என்று உங்கள் மேஸ்திரியிடம் கேளுங்கள்.

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரின் அடிப்பகுதியில் வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம் விடுகிறது. சுவர் அப்படி இருக்கும்போது பீடிங்கும் அடிக்காதீர்கள், பெயிண்டுக்கு முன் பூசும் பட்டியும் பார்க்காதீர்கள்.

காய்ந்த கட்டை வாங்கினாலும் ஒரு விஷயம். நம் கரையில் காற்று ஈரம் 75, 80 சதவீதத்தில் நிற்கும்போது எந்த மரமும் தானாகவே 14, 16 சதவீத ஈரத்துக்கு வந்து நிற்கும். மதுரையில் சூளையில் வைத்து 10 சதவீதத்துக்குக் காய வைத்த சட்டத்தைக் கொண்டுவந்த அன்றே இறுக்கிப் பொருத்தினால், இங்கே வந்து அது பருக்கும். பத்துப் பதினைந்து நாள் அதே வீட்டு அறையில் அடுக்கிவைத்துப் பழகவிட்டுப் பிறகு இழையுங்கள்.

பாம்பனைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரும்பைக் காப்பாற்ற அத்தனை காலமும் உப்போடு போராடினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்குத் தேவைப்பட்டது நம் கதவுக் கீலுக்கும் தேவைப்படும். காற்று ஒன்றுதானே.

பிளைவுட் பற்றி யாரும் சொல்லவில்லை. கதவுக்கோ அலமாரிக்கோ எடுத்தால் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக எடுங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் தாங்க வேண்டும் என்பது விதி. பசை தாங்கும் என்பதற்காக அறுத்த விளிம்பைத் திறந்து விட்டுவிடாதீர்கள். அங்கே ஆசாரியின் சிரட்டைக் கதைதான் பொருந்தும்.


உச்சிப்புளி வீடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கடைகளில் கொடுத்த சாம்பிள் துண்டுகள் எல்லாம் 12 மில்லிமீட்டர் தடிமன். தம்பியை அனுப்பி வடகடலில் ஒரு வாளி தண்ணீர் மொண்டுவரச் சொன்னேன். எம்டிஎஃப், ஹெச்எம்ஆர், பிளைவுட், டபிள்யூபிசி, தேக்குச் சேகு ஐந்திலும் ஒவ்வொரு வெள்ளை முலாம் ஸ்க்ரூவை ஏற்றி, கல் வைத்து மூன்று நாள் முக்கி வைத்தேன். தேக்கில் இரண்டு துண்டு. ஒன்றின் முனையை எபாக்சியில் அடைத்தேன், ஒன்றை அப்படியே விட்டேன்.

மூன்றாம் நாள் எடுத்து மேஸ்திரியின் அளவுகோலில் அளந்தோம். எம்டிஎஃப் 15 மில்லிமீட்டர், ஓரம் பூ மாதிரி விரிந்துவிட்டது. ஹெச்எம்ஆர் 13. பிளைவுட் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது, அடுக்கு பிரியவில்லை. டபிள்யூபிசி அப்படியே 12. தேக்கில் இரண்டுக்கும் தடிமனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரண்டையும் நடுவில் அறுத்துப் பார்த்தபோது, முனை அடைக்காத துண்டில் ஓரத்திலிருந்து ஒரு விரல் அளவுக்கு மரம் கருத்து ஈரமாக இருந்தது. அடைத்த துண்டில் மேல் தோல் மட்டும்தான் நனைந்திருந்தது. அறுத்த துண்டுகளைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணே. உங்கள் அப்பா சொன்னது அதில் இருந்தது.

ஸ்க்ரூ இரண்டாம் நாளே தலை துருப்பிடித்துப் பழுத்துவிட்டது. ஆறு துண்டிலும்.

பாலித்தீன் தாள் மூன்று இடத்தில் ஒட்டினேன். இரண்டு இடம் காய்ந்திருக்கிறது. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவரில் மட்டும் நீர் கோத்திருக்கிறது. ஓதத் தடுப்புப் பட்டை போட்டதாக மேஸ்திரி சொல்கிறார், எனக்கும் நினைவிருக்கிறது. அங்கே மட்டும் ஏன்?

வாசல் நிலையின் படமும் எடுத்திருக்கிறேன். நிலைக்கால் அடியில் படியோடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி. பூச்சுத் தண்ணீர் அதில் இறங்கிய கறை தெரிகிறது. ஹோல்ட்பாஸ்ட் சாதாரண இரும்பு, சுவருக்குள் போய்விட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் தோட்டத்தில் நல்ல முற்றிய சீமைக் கருவேலம் வெட்டிக் கிடக்கிறது, அதை பீடிங்குக்கு எடுக்கலாமா? ஹால் கார்னிஸுக்கு ஜிப்சம் சொல்கிறார்கள், போடலாமா?


தள இன்ஜினியர், ராம்நாடு:

நடுச்சுவர் ஈரம் கீழிருந்து வருவது இல்லை என்று நினைக்கிறேன். அதில் குளியலறைக் குழாய் ஓடுகிறதா? டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பைப் லைனில் பிரஷர் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பிரஷர் மீட்டரின் முள் இறங்கினால் ஜாயின்ட் கசிகிறது. இப்போது உடைப்பது ஒரு நாள் வேலை.


மண்டபம் ஆசாரி:

தங்கச்சி, வாளியில போட்டுப் பாத்தீங்க பாருங்க, என்கிட்ட வேலை செஞ்ச பையன்கள்ல ஒருத்தன்கூட அப்படிச் செஞ்சதில்ல. எனக்கு மனசு நெறஞ்சிருச்சு.

நிலைக்கால் அடிக்கு வைத்தியம் இருக்கு. முதல்ல அந்த இடம் நல்லா காயணும். மழை வர்றதுக்கு முன்னாடி நாலு நாள் வெயில் பட விடுங்க, ஈரமா இருக்கும்போது அடைச்சா உள்ள இருக்கிற தண்ணியையும் சேத்து அடைச்ச மாதிரி ஆயிரும். காஞ்ச பிறகு இளகின எபாக்சியை, அரால்டைட் மாதிரி, ஊசி போடுற சிரிஞ்சுல எடுத்து அந்த மயிரிழைக்குள்ள விடுங்க. குடிக்கக் குடிக்க விடுங்க. நின்ன பிறகு மேல ஒரு தடவை துடைச்சு விடுங்க. அடுத்து டைல்ஸ் ஒட்டுறவர்கிட்ட சொல்லி வைங்க: டைல்ஸ் நிலைக்காலை இடிக்கக்கூடாது. கால் இஞ்ச் இடம் விட்டு அதுல சிலிகான் போடணும். சிமெண்ட்டை வச்சு இறுக்கி அடைச்சா அந்தச் சிமெண்ட்டே தண்ணியை உறிஞ்சி மரத்துக்குக் குடுக்கும்.

ஹோல்ட்பாஸ்ட்டை இப்ப பிடுங்க வேண்டாம், சுவர் ஆடும். பூச்சுக்கு வெளிய தெரியுற இரும்பை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு எபாக்சி பிரைமர் ரெண்டு கை. உள் அறை நிலைகளுக்கு வைக்கும்போது ஸ்டெயின்லெஸ்ல அடிச்சு வாங்குங்க.

சீமைக் கருவேலம் நல்ல கேள்வி. எல்லாரும் அதை விறகுன்னு நினைக்கிறாங்க. சேகு நல்ல கெட்டி, நிறமும் அழகு, காஞ்ச பிறகு அவ்வளவா பருக்கவும் சுருங்கவும் செய்யாது. ஆனா ஏழடி நேர்க்கட்டை எங்க கிடைக்கும்? அது வளைஞ்சு வளைஞ்சு வளர்ற சாதி. கதவுக் கைப்பிடிக்கும், சாமி அறை விளக்கு வைக்கிற பலகைக்கும் எடுத்து வைங்க. நான் வரும்போது பாத்துத் தர்றேன்.

கார்னிஸ் வேண்டாம். ஜிப்சம் ஈரத்தை இழுக்கும், மேல ஒரு சின்ன ஒழுகல் இருந்தாலும் மஞ்சளா காட்டிக் குடுத்துரும், பூஞ்சையும் பிடிக்கும். உங்க கொத்தனார் கை சுத்தமா இருந்தா சுவரும் கூரையும் சேர்ற இடத்துல பூச்சுலயே ஒரு கோடு இழுத்து விடச் சொல்லுங்க. நிழல் விழுந்து கார்னிஸ் மாதிரியே தெரியும். கெடுறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல.

பீடிங்குக்கு நான் சொல்றது: உள் அறை மூணுக்கும் தேக்குச் சேகு, குளியலறைப் பக்கம் டபிள்யூபிசி. ரெண்டையும் தரையில முட்ட விடாதீங்க. ஸ்கர்ட்டிங் கல் உயரத்துக்கு நிலையோட ரெண்டு பக்கமும் நாலு இஞ்ச் கிரானைட் துண்டு வச்சு, பீடிங்கை அது மேல நிக்க வைங்க. நீங்க எத்தனை வாளி வேணும்னாலும் ஊத்திக் கழுவலாம். லாத்தா சொன்ன மாதிரி டபிள்யூபிசிக்கு நீள இடம் விடணும். எட்டடி நீளம், 20 டிகிரி சூடு கூடினா ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீளும். மேல மூலையில அந்த இடத்தை விட்டு, வெள்ளை சிலிகான் வச்சா தெரியாது. ஸ்க்ரூ போடுற இடத்துல முதல்ல துளை, ஸ்க்ரூவை விடக் கொஞ்சம் பெருசா.

சுவர் சரி பண்ணி, தாள் மறுபடி ஒட்டி, மூணு இடமும் காஞ்ச பிறகு பீடிங் வேலையை ஆரம்பிங்க. தை வரைக்கும் தள்ளினாலும் பரவாயில்ல. வீட்டுக்காரருக்கும் சொல்லுங்க. மழைக்காலத்துல அடிச்ச பீடிங் பங்குனியில இடைவெளி காட்டும்.


உச்சிப்புளி வீடு:

பைப்பில் பிரஷர் ஏற்றிப் பார்த்தோம். காலையில் முள் பாதிக்கு இறங்கியிருந்தது. நடுச்சுவரை உடைத்ததில் ஒரு எல்போ ஜாயின்டில் பசையே வைக்காமல் செருகியிருந்தார்கள். மாற்றியாகிவிட்டது. இன்ஜினியர் சாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணே, 316 ஸ்க்ரூ கேட்டால் இராமநாதபுரம் கடையில் "எல்லாம் எஸ்எஸ்தாம்மா" என்று கொடுக்கிறார். காந்தம் ஒட்டவில்லை. நம்பலாமா?


மண்டபம் ஆசாரி:

காந்தம் ஒட்டலன்னா வெறும் இரும்பு இல்லன்னுதான் அர்த்தம். 304-லயும் ஒட்டாது, 316-லயும் ஒட்டாது, மட்டமான 202-லயும் ஒட்டாது. 316-ல மாலிப்டினம்னு ஒண்ணு ரெண்டு மூணு சதவீதம் சேக்குறாங்க, உப்புக்குத் தாங்குறது அதனாலதான், கண்ணுக்குத் தெரியாது. டப்பாவைப் பாருங்க. ஏ2ன்னு போட்டிருந்தா 304, ஏ4ன்னு போட்டிருந்தா 316. டப்பா இல்லாம தாள்ல மடிச்சுக் குடுத்தா வாங்காதீங்க. இங்க கிடைக்கலன்னா படகு சாமான் விக்கிற கடையில கேளுங்க, இல்ல மதுரையில இருந்து வரவழைச்சுக்கலாம். மூணு அறைக்கும் சேத்து ரெண்டு டப்பா போதும்.